துயர்துடைப்புப் பணியும் திருச்சபையும்: தஞ்சை முதல் வல்லத்திராக்கோட்டை வரை ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நம் நாட்டுத் திருச்சபையின் வரலாற்றை எழுதியோர் ஆலயங்கள் எழும்பிய ஆண்டுகளையும், பள்ளிகள் தொடங்கப்பெற்ற ஆண்டுகளையும், திருமுழுக்குப் பெற்றோரின் தொகையையும் கவனமாகக் குறித்து வைத்துள்ளனர். பஞ்சமும் போரும் புயலும் வந்த ஆண்டுகளில் சபை என்ன செய்தது என்பதோ, பெரும்பாலும் அவற்றிடையே ஒரு வரியாகவே நின்றுவிடுகிறது. சபையின் விசுவாச அறிக்கை எதுவாயினும், அயலான் பசித்திருந்த ஆண்டில் அதன் களஞ்சியம் எந்நிலையில் இருந்தது என்று கேட்பதும் வரலாற்று ஆசிரியனின் கடமையே. அக்கேள்வியையே இக்கட்டுரையில் எழுப்ப விழைகிறோம்.

இவ்வாய்வுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்த வல்லத்திராக்கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் நிலைக்களனாகக் கொள்கிறோம். வற்றாத ஆறு எதுவும் பாயாத நாடு அது. ஏரி, குளம், கிணறு ஆகியவற்றை நம்பியே அங்கு வேளாண்மை நடைபெறுகிறது. 1983க்குப்பின் ஈழத்திலிருந்து வந்த ஏதிலியரையும், 2018இல் கஜா புயலையும் கண்ட மாவட்டம் அது. இன்று அங்குச் செய்யப்படும் துயர்துடைப்புப் பணியைப் புரிந்துகொள்ள, அதன் அண்டை நாடாகிய தஞ்சையில் இரண்டேகால் நூற்றாண்டுகளுக்கும் முன்னர் நிகழ்ந்தவற்றிலிருந்து தொடங்குதல் வேண்டும். அதற்கும் முன்னதாகத் திருமறை தரும் அடிப்படையை நினைவுகூர்தல் முறையாகும்.

1. அந்தியோகியாவின் முன்மாதிரி

அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரத்தின் இறுதியில், திருச்சபை முதன்முதலாக ஒரு பஞ்சத்தை எதிர்கொண்ட விதம் சுருக்கமாகக் கூறப்பட்டுள்ளது. கிலவுதியு இராயனின் காலத்துப் பஞ்சத்தை அகபு முன்னறிவிக்கிறார். அந்தியோகியாவின் சீடர்கள் பஞ்சம் வந்து சேரும்வரை காத்திருக்கவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கபடி பொருள் சேர்த்து, பர்னபா, சவுல் ஆகியோர் வழியாக யூதேயாவுக்கு அனுப்புகின்றனர். பின்னாளில் பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்துவில் பொருள் திரட்டியபோதும், தாம் வந்த பின்னர் சேர்க்கத் தொடங்காமல், வாரத்தின் முதல் நாள்தோறும் ஒவ்வொருவரும் ஒரு பங்கை எடுத்துவைக்கும்படி கட்டளையிடுகிறார். அப்பணத்தைச் சபையார் தெரிந்துகொண்டவர்களே எடுத்துச் செல்ல வேண்டும் என்றும், தம்மீது எவரும் குறைகூற இடமிருக்கலாகாது என்றும் கவனமாயிருக்கிறார்.

இப்பகுதிகளில் மூன்று நெறிகளைக் காண்கிறோம். முன்கூட்டியே சேர்த்துவைத்தல் ஒன்று. பெறுபவரிடம் கைம்மாறு கேளாமை மற்றொன்று. கணக்கு ஒப்புவித்தல் மூன்றாவது. தமிழகத் திருச்சபை இம்மூன்றையும் எந்த அளவுக்குக் கைக்கொண்டது என்பதை இனிக் காண்போம்.

2. தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயர்

1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சிராப்பள்ளியில் நெடுநாள் பணியாற்றி, 1778 முதல் தஞ்சாவூரில் தங்கியவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். 1779இல் ஆங்கிலேயரின் வேண்டுகோளின்படி சீரங்கப்பட்டணத்துக்குச் சென்று ஐதர் அலியைச் சந்தித்துத் திரும்பினார். மறுஆண்டே ஐதர் அலியின் படைகள் கருநாடகத்தில் புகுந்தன. 1781இல் தஞ்சை நாடு பாழாயிற்று. வயல்கள் அழிந்தன, கால்நடைகள் கவரப்பட்டன, மக்கள் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்ற போர் அது.

போர் வரும் என்பதை உணர்ந்த சுவார்ட்ஸ் ஐயர், விலை மலிவாயிருந்த காலத்திலேயே 12,000 புஷல் அளவுள்ள அரிசியை வாங்கிச் சேமித்து வைத்திருந்தார். பஞ்சம் வந்தபோது அந்த அரிசியே பலருடைய உயிரைத் தாங்கிற்று. பஞ்சத்தின் நடுவே அரிசி வாங்க முற்படுபவன் விலையை இன்னும் ஏற்றிவிடுவான். மலிவான காலத்தில் வாங்கியவன் அந்தத் தீங்கைச் செய்வதில்லை. அந்தியோகியாவின் முதல் நெறி தஞ்சையில் செயற்பட்டதை இதில் காண்கிறோம்.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கோட்டைக்குள் உணவு தீர்ந்தது. வெளியே நெல் இருந்தது, ஆனால் அதைக் கொண்டுவர எருதுகள் இல்லை. முன்னர்ப் பொருள் கொடுத்தும் கூலி பெறாமல் ஏமாந்த உழவர்கள், அரசரின் வாக்கையும் கும்பினியாரின் வாக்கையும் நம்ப மறுத்தனர். அப்பொழுது துளஜா மன்னரின் வேண்டுகோளின்படி சுவார்ட்ஸ் ஐயர் ஊரூராக ஓலை விடுத்தார். எருது இறந்தாலும் பறிபோனாலும் தாமே தம் கையால் விலை தருவதாக வாக்களித்தார். இரண்டொரு நாளில் 1,000 எருதுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. பின்னர் ஒவ்வொருவருக்கும் உரிய தொகையைத் தவறாமல் கொடுத்து அனுப்பினார். சில ஆண்டுகள் கழித்து, அதிகாரிகளின் கொடுமைக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடிய உழவர்களை அழைக்கும்படி அவரிடமே வேண்டினர். அவர் வாக்கை நம்பி ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர் என்பது அவருடைய கடிதத்தால் அறியப்படும் செய்தி.

அரசரின் வாக்குச் செல்லாத இடத்தில் போதகரின் வாக்குச் சென்றதற்குக் காரணம் அவரது கணக்கு நேர்மையே என்பது எம் துணிபு. ஆயினும் வரலாறு ஒரு பக்கத்தை மட்டும் பேசலாகாது. கோட்டைக்குள் வந்த அத்தானியம் ஏழைகளைக் காத்ததுபோலவே கும்பினியாரின் காவற்படையையும் காத்தது. துயர்துடைக்கும் கை ஆள்வோரின் கையோடு பிணைந்திருந்தது என்பதை மறைத்தல் கூடாது. இப்பிணைப்பு அடுத்த நூற்றாண்டில் கடினமான வினாக்களை எழுப்பிற்று.

3. தாது வருடப் பஞ்சம்

1876ஆம் ஆண்டில் இரு பருவமழைகளும் பொய்த்தன. சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் பற்றிக்கொண்டது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலுமாக 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இரயில் பாதைகள் இருந்தும், தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. நிவாரண வேலைத்தளங்களில் உழைத்த ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசுமே போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். பஞ்சத்தின் முடிவில் அமைக்கப்பட்ட ஆணைக்குழு 1880இல் தந்த அறிக்கையே பிற்காலப் பஞ்ச நிவாரண விதிகளுக்கு அடிப்படையாயிற்று.

அக்காலத்தில் 1877 மார்ச்சில் கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற கால்டுவெல், சார்ஜெண்ட் ஆகிய இருவரும் திருநெல்வேலியில் பணிபுரிந்து வந்தனர். மிஷன்கள் வழியாக உதவி சென்றது. அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர முன்வந்தனர். ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்ற ஏளனச் சொல்லும் கூடவே எழுந்தது. புதிதாய் வருவோரின் நோக்கங்கள் கலப்புடையனவே என்பதைக் கால்டுவெல் மறுக்கவில்லை. போதனை பெறுமுன்பே தூய ஆன்மிக நோக்கத்தை ஒருவரிடம் எதிர்பார்த்தல் இயலாது என்பதே அவர் நிலை. பசியால் வந்தவரையும் ஏற்றுக் கற்பிப்பது சபையின் கடமை என்பது அதன் உட்கிடை.

அதே மாகாணத்தின் தெலுங்குப் பகுதியாகிய ஒங்கோலில், அமெரிக்கப் பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்த ஜான் கிளஃப் மற்றொரு வழியைக் கைக்கொண்டார். பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தூரம் வெட்டும் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, பஞ்சப்பட்ட மக்களுக்கு, சிறப்பாக மாதிகர்களுக்கு, வேலையும் கூலியும் அளித்தார். ஆனால் பஞ்சம் நீங்கும்வரை, பதினைந்து மாத காலம், எவருக்கும் திருமுழுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். உதவி பெறும் நோக்கோடு எவரும் சபைக்குள் வரலாகாது என்பது அவர் எண்ணம். உதவி நிறுத்தப்பட்ட பின்னரும் மக்கள் விடவில்லை. 1878 ஜூலை 3ஆம் நாளில் மட்டும் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர்.

இவ்விருவருள் யார் செய்தது சரி என்னும் வினா இறையியல் வகுப்புகளில் எழுவது இயல்பு. கிளஃபின் தயக்கத்தில் ஈகையின் தூய்மை காக்கப்பட்டது. கால்டுவெலின் ஏற்பில் எளியவனுடைய மாண்பு காக்கப்பட்டது; பசித்தவனுக்கும் கடவுளைத் தேடும் உரிமை உண்டன்றோ? எம் நோக்கில், தீர்க்க வேண்டிய வினா பெறுபவரின் உள்ளத்தைப் பற்றியதன்று, கொடுப்பவரின் நிபந்தனையைப் பற்றியது. சபையில் சேர்ந்தவருக்கும் சேராதவருக்கும் ஒரே படியால் அளக்கப்பட்டதா என்பதே உரைகல். அப்படி அளக்கப்பட்ட இடத்தில் ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற சொல் பொருளற்றதாகும். அப்படி அளக்கப்படாத இடத்தில் அந்த ஏளனத்துக்குச் சபையே பொறுப்பாகும்.

4. ஆண்டுதோறும் ஈகை

பஞ்சம் எப்பொழுதோ வருவது. ஈகையோ ஆண்டுதோறும் பழக வேண்டியது. இவ்வுண்மை நம் மண்ணுக்குப் புதியதன்று. புதுக்கோட்டை மன்னர் நவராத்திரிதோறும் ஏழைகளுக்கு அரிசியோடு ‘அம்மன் காசு’ எனும் சிறு செப்புக்காசையும் வழங்கிவந்தனர். சமய நம்பிக்கையிலிருந்து பிறந்து, நாட்காட்டியில் இடம்பெற்ற ஈகை அது.

நம் சபைகளிலும் அறுப்பின் பண்டிகை, தபசுகாலக் காணிக்கை, பிடி அரிசிக் காணிக்கை ஆகியவை வழங்கிவருகின்றன. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் எடுத்துவைக்கும் தாய்மார், பவுலின் கட்டளையை வாரத்துக்கு ஒருமுறையாக அன்றி நாள்தோறும் நிறைவேற்றியவர்கள். செல்வரின் நன்கொடையில் காணாத ஒன்றைப் பிடி அரிசியில் காண்கிறோம். கொடுப்பவளும் ஏழையே. ஆதலால் பெறுபவனுக்கு அதில் நாணம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வீகை நிறுவன வடிவம் பெற்றது. 1947இல் நாடு பிரிவினையுற்று ஏதிலியர் பெருந்திரளாய் வந்தபோது, அவர்களுக்கு உதவும் முயற்சியாகத் தோன்றியதே ‘காசா’ என வழங்கும் திருச்சபைகளின் சமூகச் செயற்பாட்டு அமைப்பு. இன்று புரோட்டஸ்தாந்து, ஆர்த்தொடாக்ஸ் சபைகள் இருபத்துநான்கு அதில் இணைந்துள்ளன. 1971இல் வங்காள ஏதிலியர், 1977 நவம்பரில் ஆந்திரக் கடற்கரையை அழித்த புயல், 2004 திசம்பர் 26இல் நேர்ந்த ஆழிப்பேரலை என்று ஒவ்வோர் இடரிலும் அது பணியாற்றியுள்ளது. சமயமும் சாதியும் பாராமல் தேவையை மட்டும் பார்த்து உதவுதல் என்னும் விதி இத்தகைய அமைப்புகளில் எழுத்துவடிவம் பெற்றமை, தாது வருடத்து வினாவுக்குக் கிடைத்த விடை எனலாம்.

இதில் ஓர் இழப்பும் உண்டு. நிறுவனம் வளர வளர, துயர்துடைப்பு என்பது தலைநகர் அலுவலகத்தின் வேலை, நம் பங்கு ஆண்டுக்கொரு காணிக்கை உறை என்ற எண்ணம் சபைகளில் பரவிற்று. பிடி அரிசிக் கலயம் பல வீடுகளில் மறைந்தது. அறுப்பின் பண்டிகையில் ஏலம்போன பூசணிக்காயின் பணம் பெரும்பாலும் கட்டட நிதியில் சேர்கிறது.

5. வல்லத்திராக்கோட்டை வட்டாரம்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின்னர் இராமேசுவரம் வழியாக வந்த ஈழத்தமிழர், தமிழகம் முழுவதும் முகாம்களில் குடியமர்த்தப்பட்டனர். புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, அழியாநிலை, லெணாவிளக்கு ஆகிய இடங்களில் அத்தகைய முகாம்கள் அமைந்தன. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அவை மறைந்துவிடவில்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளைகளைப் பெற்றவர்கள் உள்ளனர். முதல் மாதத்தில் பாயும் பாத்திரமும் கொண்டுசென்றவர்கள் பலர். பத்தாம் ஆண்டில் அப்பிள்ளைகளின் கல்விச் செலவை நினைத்தவர்கள் சிலரே.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறிற்று. கடலோரத்தோடு நில்லாமல் உள்நாட்டிலும் புகுந்து, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களைச் சிதைத்தது. ஆலங்குடி வட்டாரத்தில் தென்னையும் பலாவும் வாழையும் வீழ்ந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. அரிசி, போர்வை, மெழுகுவத்தி, தார்ப்பாய் ஆகியவற்றோடு திருச்சபையினரும், பிற சமயத்தாரும், இளைஞர் குழுக்களும் விரைந்து வந்தனர். அந்த அன்பு போற்றத்தக்கது.

ஆனால் தென்னையின் கணக்கு வேறு. வீழ்ந்த மரத்துக்கு ஈடாக 2019இல் நட்ட நெட்டைத் தென்னங்கன்று பலன்தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். வாழை ஓராண்டில் குலை தள்ளும். பலாவோ தென்னையைப் போலவே காத்திருக்கச் செய்யும். ஆகவே வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களில் புயலின் பஞ்சம் போர்வைகள் தீர்ந்த பின்னரே தொடங்கிற்று எனலாம். வட்டிக்கு வாங்கிய கடனும், கூலிதேடி வெளியூர் சென்ற இளைஞரும் அதன் அடையாளங்கள். அவ்வாண்டுகளில் ஆண்டுதோறும் திரும்பி வந்து, கன்று எப்படி இருக்கிறது, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று கேட்கும் கையே உண்மையான துயர்துடைப்புக் கை.

இவ்வகையில் 1878ஆம் ஆண்டு நினைக்கத்தக்கது. பஞ்சம் ஓய்ந்த அவ்வாண்டில் புதுக்கோட்டைத் திவானாக வந்த சேஷையா சாஸ்திரியார் குளங்களைச் செப்பனிடுவதில் கருத்தூன்றினார். நாசரேத்தில் கனோன் மர்காஷிஸ் தொடங்கிய கைத்தொழிற்பள்ளியும் அவ்வாண்டிற்கு உரியதே. கஞ்சித்தொட்டியை மூடிய பின்னரும் வேலை உண்டு என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஆயர்களும் ஆயராகப் பயில்வோரும் மேற்கொள்ளத்தக்க மூன்று செயல்களை முன்வைக்கிறோம். முதலாவது, ஒவ்வொரு சேகரமும் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை, கட்டட நிதியில் கலவாமல், இடர்க்காலத்துக்கென்று ஆண்டுதோறும் ஒதுக்குதல் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அது கையிருப்பில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, உதவி பெறுவோர் பட்டியலைச் சபைப் பதிவேட்டிலிருந்து எழுதாமல், ஊர்ப் பெரியோரையும் பிற சமயத்தாரையும் சேர்த்துக்கொண்டு தெருத்தெருவாக எழுதுதல் வேண்டும். மூன்றாவது, வரவும் செலவும் ஆலயக் கதவில் யாவரும் காண ஒட்டப்படுதல் வேண்டும். புயலடித்த ஊருக்குக் குறைந்தது ஐந்தாண்டுகள் ஒருமுறையேனும் திரும்பிச் செல்லுதலும் அக்கணக்கில் அடங்கும்.

இவற்றுக்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. தஞ்சை உழவன் தன் எருதை ஓட்டிவந்தது சுவார்ட்ஸ் ஐயரின் செல்வத்தை நம்பியன்று, அவர் சொன்னதைச் செய்வார் என்று நம்பியே. அத்தகைய நம்பிக்கையை ஈட்ட இடரற்ற ஆண்டுகளே நமக்குத் தரப்பட்டுள்ள காலம்.