தொட்டியில் காணாமல் போன 2 அவுன்ஸ்

போன மாசம் என் மேசை மேல இருந்த மணி பிளான்ட் செத்துப்போச்சு. வாடுதேன்னு தண்ணி ஊத்தினேன், மஞ்சளாகுதேன்னு உரம் போட்டேன், மறுபடி தண்ணி. கடைசியில தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தா வேரெல்லாம் கறுத்துப்போய், கொழகொழன்னு அழுகிக் கிடக்குது. சரி, செடி எதைத்தான் சாப்பிடுது? இதை ஒரு தொட்டியை வச்சே கேட்ட மனுஷனைப் பத்திதான் இன்னைக்கு.

யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட். பிரஸ்ஸல்ஸில் பிறந்த மருத்துவர். அடுப்பில் காயவைத்த 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டார். தூசி விழாமல் இருக்க, துளை போட்ட தகட்டு மூடி. ஊற்றியது மழைத்தண்ணி, இல்லைன்னா வடித்த தண்ணி. உரம்னு ஒரு சிட்டிகைகூட கிடையாது. 5 வருஷம் கழிச்சு மரத்தை நிறுத்தா 169 பவுண்டுக்கு மேல! நாலு இலையுதிர் காலத்துல உதிர்ந்த இலையெல்லாம் கணக்குல இல்லை. மண்ணையும் மறுபடி காயவைத்து நிறுத்தார். குறைஞ்சது சுமார் 2 அவுன்ஸ்தான். அப்போ மரம், பட்டை, வேர் மொத்தமும் தண்ணியிலிருந்தே வந்ததுன்னு முடிவு கட்டிட்டார்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வேடிக்கை என்னன்னா, ‘கேஸ்’ங்கிற வார்த்தையை உருவாக்கினதே இவர்தான். கரி எரியும்போது கிளம்புற வாயுவுக்குத் தனிப் பெயரே வச்சிருந்தார். அதைத்தான் நாம கார்பன் டை ஆக்சைடுன்னு சொல்றோம். மரக்கட்டையில இருக்கிற கார்பன் மொத்தமும் அதுலேர்ந்துதான் வருது. விடையைக் கையில வச்சுக்கிட்டே தண்ணியைக் கைகாட்டிட்டார், பாவம். திருச்சபை விசாரணை, வீட்டுக்காவல் எல்லாம் பார்த்து 1644ல் இறந்துபோனார். இந்தச் சோதனை அச்சில் வந்தது 1648ல், அவர் மகன் கையால.

1699ல் இங்கிலாந்துக்காரர் ஜான் வுட்வர்ட் புதினாவை விதவிதமான தண்ணியில வளர்த்துப் பார்த்தார். தோட்டத்து மண் கரைச்ச தண்ணியில அது இன்னும் நல்லா வளர்ந்தது. 1860கள்ல ஜெர்மன் விஞ்ஞானிகள் மண்ணே இல்லாம, உப்புகள் கரைச்ச தண்ணியிலேயே செடி வளர்த்துக் காட்டினாங்க. வான் ஹெல்மான்ட் கண்டுக்காம விட்ட 2 அவுன்ஸ் விஷயம் இதுதான். உரப் பாக்கெட் மேல என்.பி.கே.ன்னு போட்டிருக்கே, அந்த நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மாதிரி சத்துகள்.

ஒரு மரத்துக்கே 5 வருஷத்துல மண்ணுலேர்ந்து போனது அவ்வளவுதான். நான் ஒரே மாசத்துல மூணு ஸ்பூன் கொட்டியிருக்கேன். வேருக்கும் காத்து வேணும், மண்ணோட இடுக்கெல்லாம் தண்ணி நின்னா அதுக்கு மூச்சு முட்டும். மஞ்சளானது பசியால இல்லை.

இப்போ பக்கத்து வீட்டு அக்கா ஒரு துண்டு கொடி குடுத்திருக்காங்க. மண்ணுக்குள்ள விரலை விட்டு, காஞ்சிருந்தாதான் தண்ணி. உரப் பாக்கெட்டைப் பரண் மேல தூக்கிப் போட்டாச்சு.