வெற்றி விழாவில் ஒரு குறும்பு

முற்றுகைக்குள் சிக்கிய லெனின்கிராடில், 1942 ஆகஸ்ட் 9 அன்று, பட்டினியால் மெலிந்த கலைஞர்கள் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை வாசித்தார்கள்.

1945 மே மாதம் ஹிட்லரின் ஜெர்மனி சரணடைந்தது. அடுத்து ஷோஸ்டகோவிச் எழுத வேண்டியது ஒன்பதாவது சிம்பொனி. பீத்தோவன் பெரும் பாடகர் குழுவோடு முழங்க வைத்ததும் தன் ஒன்பதாவதைத்தான். அதனால் அந்த எண்ணுக்கே தனி மவுசு. ஷோஸ்டகோவிச்சும் பாடகர் குழுவோடு வெற்றிச் சிம்பொனி எழுதப்போவதாகச் சொல்லியிருந்தார். தொடங்கவும் செய்தார், கொஞ்ச தூரம் போய்க் கைவிட்டார். ஆகஸ்ட் 30 அன்று அவர் முடித்தது வேறொன்று. பாடகர் கிடையாது, பிரமாண்டம் கிடையாது. ஐந்து பகுதிகளும் சேர்ந்தே 25 நிமிடம் சொச்சம்தான். ஏழாவதோ ஒரு மணி நேரத்தைத் தாண்டும்!

முதல் பகுதியில் வயலின்கள், பீத்தோவனுக்கு முந்தைய இசைமேதை ஹைடன் காலத்துச் சுத்தத்தோடு ஓடுகின்றன. திடீரென ட்ராம்போன் இரண்டே ஸ்வரத்தை ஊதுகிறது. நம் கணக்கில், பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஒரு தாவல். உடனே பிக்கோலோ, அதாவது சின்னப் புல்லாங்குழல், ஒரு அணிவகுப்பு மெட்டைச் சீட்டியடிக்கிறது. வேடிக்கை பிறகுதான். அழைக்காத பந்தியில் வந்து உட்காரும் விருந்தாளி மாதிரி, ட்ராம்போன் அதே இரண்டு ஸ்வரத்தோடு தப்பான இடங்களில் திரும்பத் திரும்ப நுழைகிறது. யாரும் கண்டுகொள்வதில்லை. கடைசியில் அந்த மெட்டு வரும்போது வாசிப்பது பிக்கோலோ அல்ல, ஒற்றை வயலின்!

நான்காம் பகுதியில் பித்தளை வாத்தியங்கள் கனமாக முழங்கி அடங்க, பஸ்ஸூன் தன்னந்தனியாகப் புலம்புகிறது. செத்தவர்களுக்கான ஒப்பாரி என்று நாம் தலைகுனியும் நேரத்தில், அதே பஸ்ஸூன் இடைவெளியே விடாமல் கடைசிப் பகுதியின் கோமாளி மெட்டுக்குள் நழுவிவிடுகிறது. ஸ்டாலினைக் கிண்டலடிக்கவே இதை எழுதினார் என்பவர்கள் உண்டு. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. வெறும் கிண்டல் என்றால் அந்தப் புலம்பலுக்கு அங்கே என்ன வேலை?

நவம்பர் 3 அன்று லெனின்கிராடில் ம்ராவின்ஸ்கி இசைக்குழுவை நடத்த, அரங்கேற்றம் நடந்தது. சீக்கிரமே முணுமுணுப்பு கிளம்பியது. நாடே புண்பட்டுக் கிடக்கும்போது இது விளையாடும் நேரமா என்ற தொனியில் 1946இல் விமர்சகர் நெஸ்தியேவ் எழுதினார். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுத் தீர்மானம் ஷோஸ்டகோவிச்சைப் பெயர் சொல்லியே கண்டித்தது. மாஸ்கோ, லெனின்கிராடு இசைக் கல்லூரிகளில் அவருடைய ஆசிரியர் வேலை பறிபோனது.

அவருடைய பத்தாவது சிம்பொனி அரங்கேறியது 1953 டிசம்பரில். ஸ்டாலின் இறந்து அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது.