பொம்மை விமானமும் நிஜ விமானமும்

எங்கள் திருபுவனையில் பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒருவன் தெர்மோகோலில் விமானம் செய்து ரிமோட்டில் பறக்கவிடுகிறான். "இதை நல்லா ஓட்டத் தெரிஞ்சா நிஜ விமானமும் ஓட்டலாமா சார்?" என்று கேட்டான். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியில் ஒரு பெரிய விஞ்ஞானி சறுக்கினார். அந்தக் கதையைத்தான் அவனுக்குச் சொன்னேன்.

அவர் பெயர் சாமுவேல் லாங்லி. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத் தலைவர். 1896 மே 6 அன்று அவருடைய நீராவி எஞ்சின் வைத்த ஆளில்லா மாதிரி விமானம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பறந்தது. உலகமே வியந்தது. அரசாங்கம் 50,000 டாலர் கொடுத்து, ஆள் ஏறும் விமானம் செய்யச் சொன்னது. லாங்லி ஏறக்குறைய அதே மாதிரியைப் பெரிதாக்கினார். வினையே அங்கேதான். அளவை இரண்டு மடங்காக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். எடையோ எட்டு மடங்காகிவிடும். சின்னதில் விறைப்பாக நின்ற சட்டம் பெரியதில் துவண்டுவிடும். 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 என்று இரண்டு முறை முயன்றார்கள். இரண்டு முறையும் விமானம் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ஓட்டிய மேன்லி நனைந்ததோடு பிழைத்தார். அவருக்கு அதற்கு முன் ஒரு நிமிஷம்கூடப் பறந்த அனுபவம் இல்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை!

இரண்டாவது விழுகைக்கு ஒன்பதாம் நாள், டிசம்பர் 17 அன்று, ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள். முதல் தடவை 12 விநாடி, 120 அடி. இவர்களும் பொம்மையில் தொடங்கியவர்கள்தான். 1878இல் அப்பா வாங்கி வந்த ரப்பர் பேண்டு ஹெலிகாப்டர் பொம்மைதான் ஆசையைக் கிளப்பியது. 1899இல் ஐந்தடிப் பட்டத்தில் இறக்கையை முறுக்கித் திருப்பிப் பார்த்தார்கள். அடுத்து கிளைடர். 1902இல் மட்டும் அண்ணனும் தம்பியும் எஞ்சின் இல்லாமல் ஆயிரம் தடவைக்குக் கிட்டத்தட்டச் சறுக்கிப் பழகினார்கள். எஞ்சின் பூட்டியது அதற்குப் பிறகுதான். சைக்கிள் கடைக்காரர்களாயிற்றே, ஏறி உட்கார்ந்து பழகாமல் சைக்கிள் வராது என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

ரிமோட் விமானம் நிறையக் கற்றுத்தரும். வேகம் குறைந்து மூக்கு மேலே தூக்கினால் தூக்குவிசை போய்ச் சரியும் என்பது தெர்மோகோலுக்கும் போயிங்குக்கும் ஒன்றே. ஆனால் தரையில் நிற்பவனுக்கு விமானம் தன்னை நோக்கி வரும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். உள்ளே உட்கார்ந்தவனுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. அவன் சிக்கல் வேறு. மேகத்துக்குள் போனால் நேராகப் பறக்கிறோமா, சாய்ந்து பறக்கிறோமா என்று உடம்பே பொய் சொல்லும். கருவியைத்தான் நம்ப வேண்டும்.

நம் நாட்டில் இந்த இரண்டையும் இணைக்கிற படிக்கட்டு என்.சி.சி. விமானப் பிரிவு. 1950இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தொடங்கியது. பால்சா மரத்தில் மாதிரி விமானம் செய்வது அங்கே பாடத்திலேயே உண்டு. பிறகு மைக்ரோலைட்டில் பயிற்றுநரோடு உண்மையாகவே ஏறலாம். தனியார் விமானி உரிமம் வேண்டுமென்றால் 17 வயது நிரம்பி, 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு லட்சக்கணக்கில். அதையும் பையனிடம் மறைக்கவில்லை.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்து ஏங்கிய மாணவர் ஒருவர் உண்டு. விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். 25 பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள், இவர் ஒன்பதாவது. பிறகு ராக்கெட், ஏவுகணை என்று போய்விட்டார். 2006 ஜூன் 8 அன்று புனேயில், 74 வயதில், குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் சுகோய்-30 போர்விமானத்தில் ஏறி அரை மணிக்கும் மேல் பறந்தார். நடுவில் கொஞ்ச நேரம் கட்டுப்பாட்டுக் கோலைத் தம் கையிலும் வாங்கிக்கொண்டார்.