நேர்ப் புவித்தொடுப்பும் எரிந்துபோன உருகிகளும்

யாழ்ப்பாணத்து வீதிகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 கார்களைப் பற்றி எழுதியவர்கள் பலர். 1990 இன் பின்னர், பொருளாதாரத் தடைக்காலத்தில் அவை மண்ணெண்ணெயில் ஓடிய கதையைப் புலம்பெயர்ந்த நம்மவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வர். ஆனால் அக்கார்களில் வானொலி பூட்டப் போய் உருகிகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்த கதையை எழுத்தில் நான் கண்டதில்லை. அக்கதைக்குள் பிரித்தானியப் பொறியியலும் இலங்கையின் இறக்குமதிக் கொள்கையும் சேர்ந்தே அடங்கியுள்ளன.

மின்கம்பியின் ஒரு பகுதியை வேண்டுமென்றே பலவீனமாக்கி, ஆபத்தை அதன் தலையில் ஏற்றும் எண்ணம் பழையது. தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க மெல்லிய கம்பியைப் பயன்படுத்தலாம் என பிரான்சைச் சேர்ந்த பிரெகே 1847 இல் பரிந்துரைத்தார். தமது மின்விநியோக முறைக்கான உருகிக்கு எடிசன் 1890 இல் காப்புரிமை பெற்றார்.

கார் வானொலியைச் சந்தைக்குரிய பொருளாக்கியவர்களுள் முக்கியமானவர் சிக்காகோவின் போல் கல்வின். அவரது நிறுவனம் 1930 இல் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் அதனை விற்கத் தொடங்கியது. கடன் கேட்கச் சென்ற கல்வின், வங்கியாளரின் காரில் வானொலி ஒன்றைப் பூட்டிக் காட்டியதாகவும், சற்று நேரத்தில் அந்தக் கார் தீப்பற்றியதாகவும் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. உண்மையோ புனைவோ, வானொலியும் உருகியும் ஏன் பிரிக்க முடியாதவை என்பதை அது உணர்த்துகிறது.

பிரித்தானியக் கார்களுக்கோ தனித்த குணம் ஒன்றிருந்தது. 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1960கள் வரை அவற்றுட் பெரும்பாலானவற்றில் பற்றறியின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டது. துருப்பிடித்தல் குறையும், தீப்பொறி எளிதாகப் பாயும் என்பன அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். வால்வு வானொலிகள் பலவற்றுக்கு இதனாற் பெரிய இடைஞ்சல் ஏற்படவில்லை. திரான்சிஸ்டர் வந்ததும் நிலைமை மாறிற்று. அதற்கு நேர், மறை மாறினால் அழிவுதான்.

உலகின் பிற இடங்களில் பழைய கார்கள் கழிக்கப்பட்டதால் இச்சிக்கல் விரைவில் மறைந்தது. இலங்கையில் அவ்வாறு நிகழவில்லை. 1960களிலும், குறிப்பாக 1970 முதல் 1977 வரையும் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டதால், 1950களின் கார்களே பழுதுபார்க்கப்பட்டு ஓடின. 1977 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. யப்பானிய கசற் கருவிகள் கடைகளில் நிறைந்தன. அவையோ மறைமுனையை உடலாகக் கொண்டவை. நான் சிறுவனாக இருந்த அக்காலத்தில், வாடகைக் காருக்குப் பாட்டு இருப்பது சாரதிக்கு ஒரு கௌரவம். ஆகவே பழைய காரும் புதிய கருவியும் ஒரே டாஷ்போட்டில் சந்தித்தன.

சந்தித்ததும் பியூஸ் எரிந்தது. கருவியை வழமைபோல் இணைத்தால் மின்னோட்டம் தலைகீழாகப் பாயும். கம்பிகளை மாற்றி இணைத்தால் கருவியின் உலோகக் கூடு மின்னேறியதாகிவிடும். அது காரின் உடலிற் படக் கூடாதென இறப்பர் துண்டு வைத்துப் பூட்டினார்கள். அப்போதும் அன்ரெனாவைச் செருகிய கணத்தில் உருகி போனது. அன்ரெனாக் கம்பியின் வெளிப்பின்னல் மட்காட்டில் காரின் உடலைத் தொட்டுக்கொண்டிருந்ததே காரணம். கருவியை மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்கு இது விளங்காது.

மொறிஸ் மைனரில் இருந்தவை இரண்டே உருகிகள். இரண்டாவதிலிருந்து கசற்றுக்கு மின் எடுத்தால், அது எரியும்போது வைப்பரும் பிரேக் விளக்கும் சேர்ந்தே நின்றுவிடும். பாட்டு நின்றது சாரதிக்குத் தெரியும். பின்னால் விளக்கு எரியாதது தெரியாது. அதைவிட ஆபத்தானது சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி உருகியைச் ‘சரிசெய்யும்’ வழக்கம். உருகி எரியாதுவிட்டால் டாஷ்போட்டின் பின்னாலுள்ள வயர்களே எரியும். இன்னொரு பொறியும் உண்டு. லூக்காஸ் உருகியில் பொறிக்கப்பட்ட 35 அம்பியர் என்பது அது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது ஏறத்தாழ 17 மட்டுமே. அமெரிக்க முறையில் 35 எனக் குறிக்கப்பட்டதைப் போட்டால் பாதுகாப்புப் பாதியாகிவிடும்.

விபரமறிந்த மெக்கானிக்குகள் காரையே மாற்றினர். பற்றறி முனைகளையும் கொயிலின் இரு வயர்களையும் இடம்மாற்றி, டைனமோவின் புலமுனையை மின்னேறிய கம்பியோடு ஒரு கணம் தொட்டெடுத்து அதன் துருவத்தைத் திருப்பினர். பெரும்பாலும் பட்டறிவினால் கற்ற வித்தை அது. தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களின் மின்னறிவும் இத்தகைய கராஜ்களிலிருந்தே ஓரளவு வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மொறிஸ் மைனரை ஆசையோடு வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய கருவி பூட்டுமுன், பற்றறியின் எந்த முனை உடலோடு சேர்ந்துள்ளதெனப் பாருங்கள். அதன் பின்னும் உருகி எரிந்தால் அனைத்தையும் கழற்றிவிட்டு, மின்கம்பி, அன்ரெனா, ஒலிபெருக்கி என ஒவ்வொன்றாக இணையுங்கள். எதை இணைக்கும்போது எரிகிறதோ அங்கேதான் பிழை. அதைக் காணுமுன் அளவிற் பெரிய உருகியைப் போடாதீர்கள்.