துன் கிணறும் பழைய பதிவுத் தாள்களும்

துன் என்றதும் எங்களுக்கு ஏரியும் கோட்டையும்தான் நினைவுக்கு வரும். இந்த ஊரின் பெயரில் ஓர் எரிவாயுத் தேடற் கிணறும் உண்டு என்றால் பலர் என்னை ஒருமாதிரிப் பார்க்கிறார்கள். 1980களின் பிற்பகுதியில் தோண்டிய துன்-1 கிணறு 5,952 மீற்றர் ஆழமானது. சுவிசில் அதைவிட ஆழமாக எவரும் துளைத்ததில்லை. விற்பனைக்கு உதவும் அளவில் வாயு கிடைக்கவில்லை. 1972இல் வடக்கே லிண்டனில் தொடங்கிய துளையிலும் அதே கதைதான். என்தலெபூக் பள்ளத்தாக்கின் பின்ஸ்டர்வால்டில் மட்டும் 1985 முதல் 1994 வரை வாயு எடுத்தார்கள்.

துளையைக் கைவிட்டாலும் அதற்குள் எடுத்த அளவுப் பதிவுகள் பெறுமதி இழப்பதில்லை. இந்தப் பதிவுக் கலை பிறந்ததும் எங்களுக்குப் பக்கத்தில்தான். 1927 செப்டெம்பர் 5ஆம் திகதி, பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள பெஷல்புரோனில், ஷ்லும்பெர்ஜே சகோதரர்களின் குழுவினர் எண்ணெய்க் கிணற்றுக்குள் ஒரு கருவியை வடத்தில் இறக்கினார்கள். மீற்றருக்கு மீற்றர் நிறுத்தி, பாறையின் மின்தடையை அளந்து, கையாலேயே கோடு வரைந்தார்கள். பிற்காலத்தில் இயற்கைக் கதிர்வீச்சு, ஒலியின் வேகம் எல்லாம் அதோடு சேர்ந்தன.

அன்று தேடியது மணற்கல், சுண்ணாம்புக்கல் நுண்துளைகளில் தேங்கிய வாயுவை. ஷேல் எனப்படும் களிப்பாறையை அவசரமாகத் தாண்டிப் போனார்கள். கருவியோ அதையும் அளந்து வைத்தது. பின்னாளில் ஷேல் வாயு தேடியவர்களுக்கு அது புதையல்!

சேதனப்பொருள் நிறைந்த களிப்பாறையில் யுரேனியம் சேர்வதால் கதிர்வீச்சுக் கோடு பெரும்பாலும் உயரும். ஒலி மெதுவாகச் செல்லும். வாயு உருவாகி உப்புநீரைத் தள்ளியிருந்தால் மின்தடை கூடும். 1990இல் பாசி என்பவரும் சகாக்களும் ஒலிக் கோட்டையும் மின்தடைக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் முறையை வெளியிட்டார்கள். சாதாரணக் களிப்பாறையில் ஒட்டிப் போகும் இரண்டும் விலகினால், அங்கே சேதனப்பொருள் இருக்கக்கூடும். நிலக்கரிப் படையும் இப்படியே காட்டி ஏமாற்றும். ஆகவே பாறைத்துண்டை ஆய்வுகூடத்தில் சோதித்து ஒப்பிடாத கணக்கை நான் நம்பமாட்டேன். ஒப்பிட்டாலும், இருக்கும் வாயு வேறு, எடுக்கக்கூடிய வாயு வேறு.

1970களில் சோவியத் உதவியோடு மன்னார் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டதை எங்கள் பெரியவர்கள் சிலர் அறிவார்கள். 2011இல் மன்னார்க் கடலில் கெய்ர்ன் நிறுவனம் வாயு கண்டது. அது ஷேல் வாயு அல்ல.

எடுப்பதா விடுவதா என்பதைப் பதிவுத் தாள் சொல்லாது. சுவிசில் நிலத்தடி வளம் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. அயலிலுள்ள பிறிபூர்க் மாநிலம் 2011இல் ஷேல் வாயுத் தேடலை இடைநிறுத்தியது. தமிழ்நாடு 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கக் கொண்டுவந்த வேளாண் மண்டலச் சட்டத்தில் ஷேல் வாயுவையும் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது.