விதை என்று பெயர் வாங்கிய பூச்சி

சென்ற பொங்கலுக்கு லண்டனிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் இளஞ்சிவப்பு மிட்டாய் டப்பா ஒன்று கொடுத்தான். முட்டை சேர்ந்த கேக்கைக்கூடத் தொடாத என் அக்கா இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். நிறம்: இ 120.

கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயத்தின் எண் அது. சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சி. காயவைத்தால் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். மெக்சிகோ மக்கள் நெடுங்காலமாக வளர்த்து வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதைக் கப்பலேற்றி ஐரோப்பாவில் விற்றார்கள். அவர்கள் வைத்த பெயர் 'கிரானா', அதாவது தானியம். வாங்கியவர்களில் பலர் ஏதோ விதை என்றே நம்பினார்கள். நுண்ணோக்கி வந்த பிறகுதான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. கும்பினியாரின் மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன், இங்கேயே இந்தச் சாயத்தை எடுக்கலாம் என்று 1786 முதல் கடிதமாக எழுதித் தள்ளினார். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்தது. ஆனால் அது மட்ட ரகம். எதிர்பார்த்த சாயம் கிடைக்கவில்லை. கள்ளியைத்தான் அது அழித்தது.

பூச்சி என்பதை மறைக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. அமெரிக்காவில் வெகுநாள் வரை 'நிறம் சேர்க்கப்பட்டது' என்று போட்டாலே போதும். சிலருக்கு இதனால் கடும் ஒவ்வாமை வருகிறது என்று 1998-இல் ஒரு நுகர்வோர் அமைப்பு மனுக் கொடுத்தது. 2011 ஜனவரி முதல் கார்மைன் அல்லது கோச்சினீல் என்று பெயர் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. பூச்சி என்று எழுத வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் அரசு ஏற்கவில்லை. மறு ஆண்டே ஸ்டார்பக்ஸ் கடைகளின் ஸ்ட்ராபெரி பானத்தில் இது இருப்பது தெரிந்து சைவர்கள் கொதித்தார்கள். நிறுவனம் தக்காளிச் சாயத்துக்கு மாறியது.

எங்கள் ஊரில் மழை விட்டதும் ஈசல் பிடித்து வறுத்து, பொரியோடு கலந்து தின்பார்கள். அக்கா தொடமாட்டாள், தின்றவர்களைக் குறை சொன்னதும் இல்லை. அது ஈசல் என்று தின்றவருக்கும் தெரியும், தின்னாதவருக்கும் தெரியும்.

நம் ஊர்ப் பாக்கெட் என்றால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்போம். அந்த டப்பாவில் எந்தப் புள்ளியும் இல்லை. சொல்வதா வேண்டாமா என்று அன்று சாயங்காலம் வரை தவித்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியாம தின்னது பாவமில்லடா. தெரிஞ்சும் நம்பரைப் போட்டு மறைச்சவனுக்கு என்ன பேரு?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை.