ஒரு வீதியை முழுதாக முடிப்பது

பாடசாலை விடுமுறை வந்தால் ஊரில் எங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று இருக்கிறது: "சேர்மார், இந்தமுறை எந்த ரோட்ட முடிக்கப் போறீங்க?" கேட்பவர்கள் கொஞ்சம் கிண்டலாகத்தான் கேட்கிறார்கள். சுற்றுலா போகிறவர்கள் நுவரெலியா போனோம், யாழ்ப்பாணம் போனோம் என்பார்கள். நாங்களோ "ஏ5 முடிந்தது, ஏ15இல் பாதி இருக்கிறது" என்று கணக்குச் சொல்கிறோம். இது என்ன பைத்தியம் என்று நினைப்பவர்களுக்காகவும், எங்களிடம் படிக்கும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் விடயத்தைச் சொல்லிவிடுகிறோம். இலங்கையின் பிரதான வீதிகளுக்கு ஏ1, ஏ2 என்று இலக்கம் இருக்கிறது. வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ள இந்த ஏ தர வீதிகளைக் கூட்டினால் ஏறக்குறைய 4,200 கிலோமீற்றர் வரும். ஒரு வீதியின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை, நடுவில் ஒரு துண்டும் விடாமல் பயணித்தால் அந்த வீதி "முடிந்தது". வரைபடத்தில் அதன்மேல் நிறம் தீட்டுகிறோம். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றில்லை. இந்த வருடம் ஒரு துண்டு, அடுத்த வருடம் மறு துண்டு என்றும் முடிக்கலாம். ஆனால் விட்ட இடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

வேறு நாடுகளில் இது பழைய பொழுதுபோக்கு. அமெரிக்காவில் 1926இல் நெடுஞ்சாலைகளுக்கு நாடளாவிய இலக்கம் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றான 66ஆம் இலக்க வீதி சிக்காகோவிலிருந்து பசுபிக் கரையில் உள்ள சாண்டா மொனிக்கா வரை போனது. புதிய அதிவேக வீதிகள் வந்ததும் 1985இல் அந்த இலக்கத்தையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் எஞ்சியிருக்கும் துண்டுகளைத் தேடித் தேடி இன்றும் ஆட்கள் போகிறார்கள். இலக்கம் போனாலும் வீதியின் கதை போகவில்லை.

எங்கள் நாட்டு வீதிகளின் கதைக்கு வருவோம்.

கண்டி இராச்சியக் காலத்தில் மலைநாட்டுக்கு அகலமான வீதி கிடையாது. அது வசதிக் குறைவு மட்டுமல்ல, ஒரு பாதுகாப்பும்கூட. வீதி இருந்தால் எதிரியின் படையும் வரும். அந்தக் காலத்தில் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றி, அங்கிருந்து பாக்கைக் கீழே இறக்கியவை பொதி மாடுகள். அந்தப் பொதி மாட்டுக் கூட்டத்துக்குத் "தவளம்" என்று பெயர். கண்டி இராச்சியத்தில் இந்தத் தொழிலில் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. கிழக்குக் கரையையும் கண்டியையும் இணைத்த காட்டு வழிகளை எமது முன்னோர் இலக்கம் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1817 - 18இல் ஊவாவில் கிளர்ச்சி எழுந்தது. படையை விரைவாக அனுப்ப வீதி வேண்டும் என்பது அவர்களுக்கு அப்போது புரிந்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி வெட்டப்பட்டது. இன்றைய ஏ1 அதுதான். அதைக் கட்டிய பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்துபோனார். கடுகண்ணாவையில் நிற்கும் உயரமான கோபுரம் அவர் நினைவாக எழுப்பப்பட்டது. கண்டிக்கு பஸ்ஸில் போகும்போது எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் மண் வெட்டியவர்களுக்குக் கோபுரம் இல்லை. அந்த வீதிகள் பெரும்பாலும் இராஜகாரிய முறையில், அதாவது கட்டாய உழைப்பில் போடப்பட்டவை. 1832இல் இராஜகாரியத்தை ஒழித்தார்கள். 1848இல் வேறு உருவத்தில் அது திரும்பி வந்தது. 18 வயது முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதே வருடம் மாத்தளைப் பக்கம் வெடித்த கிளர்ச்சிக்கு இந்த வீதி வரியும் ஒரு காரணம். புரன் அப்புவின் பெயரைப் பாடப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளைகள், அந்தக் கதையில் ஒரு வீதியும் இருப்பதை அறிய வேண்டும்.

அதே மாத்தளை வழியால்தான் தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களும் நடந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டைக் கடந்து, தம்புள்ளை, மாத்தளை ஊடாகக் கோப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ஏ9இன் தெற்குப் பகுதியில் வாகனத்தில் போகும்போது, அந்த வழியை நடந்தே கடந்தவர்களை நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

இனி எங்கள் சொந்த வீதி. கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரை ஏறக்குறைய 430 கிலோமீற்றர் ஓடும் ஏ4 நாட்டின் மிக நீளமான ஏ தர வீதி. அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று வந்து பொத்துவிலில் கடலைப் பார்க்கிறது. பிறகு அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி என்று எங்கள் ஊர்கள் எல்லாவற்றையும் ஒரு மாலைபோல் கோத்துக்கொண்டு மட்டக்களப்புக்குப் போகிறது. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், மறுபடி தமிழ் ஊர் என்று இந்த வீதி மாறி மாறித்தான் போகும். எங்களில் பலர் இந்த ஏ4இன் பாதியைக் கொழும்பு பஸ்ஸில் தூக்கத்திலேயே கடந்தவர்கள். பகலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கரையோரத்து வயல்வெளியிலிருந்து லாகுகல யானைக் காடு, வெல்லவாயவின் வெயில், கொஸ்லந்தைக்கு முன்னே தியலும நீர்வீழ்ச்சி, பெரகலயின் குளிர் எல்லாம் ஒரே இலக்கத்துக்குள் இருக்கின்றன.

ஆனால் எங்கள் தலைமுறைக்கு இன்னொரு உண்மை தெரியும். ஒரு வீதியை முழுதாகப் போக முடிவது எப்போதும் கிடைக்கிற ஒன்றல்ல.

1990 ஜூலையில் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு இதே ஏ4ஆல் வந்துகொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் செப்டம்பரில் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து படையினர் அழைத்துச் சென்ற 158 தமிழர்கள் திரும்பி வரவில்லை. அந்த வளாகம் ஏ15 ஓரத்தில் இருக்கிறது. அந்த ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம்தான் அவகாசம். எங்கள் மக்களுக்கும் தமிழ் மக்களுக்கும், வாகனத்தில் போகும்போது பேச்சை நிறுத்தும் இடங்கள் இந்த வீதிகளில் இருக்கின்றன. இரண்டு பக்கத்தாரும் மற்றவர் மௌனமாகும் இடத்தையும் அறிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

ஏ5ஐ எடுங்கள். பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடியில் முடிகிறது. யுத்த காலத்தில் செங்கலடிக் கறுப்புப் பாலம் ஓர் எல்லை. இந்தப் பக்கம் அரச கட்டுப்பாடு, அந்தப் பக்கம் புலிகளின் கட்டுப்பாடு. வரைபடத்தில் ஏ5 ஒரே கோடுதான். நிலத்தில் அது அறுந்து கிடந்தது.

ஏ9உம் அப்படியே. கண்டியிலிருந்து அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு ஊடாக யாழ்ப்பாணம் வரை 320 கிலோமீற்றருக்குச் சற்று மேல். 90களின் தொடக்கத்தில் வடக்கு மக்கள் கிளாலிக் கடனீரேரியைப் படகில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். போர்நிறுத்தத்தோடு 2002இல் வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. யுத்தம் முடிந்த பிறகே பொதுமக்களுக்கு நிலையாகத் திறந்தது. இன்று ஒரு மாணவன் காலையில் கண்டியில் ஏறி, இரவு யாழ்ப்பாணத்தில் இறங்கி "ஏ9 முடித்துவிட்டேன்" என்று சொல்லலாம். அவனுடைய வாப்பாவின் இளமைக் காலத்தில் அதைச் சொல்ல ஆளில்லை.

இதையெல்லாம்விட எங்களை அதிகம் யோசிக்க வைத்தது ஏ15, மட்டக்களப்பு - திருகோணமலை வீதி. எங்கள் பக்கத்துப் பேச்சில் "பாதை" என்றால் வீதி மட்டுமல்ல. ஆற்றைக் கடக்க வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவைக்கும் "பாதை" என்றுதான் பெயர். குருமண்வெளியில் நின்று "பாதை வருதா?" என்று கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்தான் குழம்புவார். எங்கள் முன்னோருக்குத் தண்ணீர் வந்த இடத்தில் வீதி முடியவில்லை. அந்த இடத்தில் வீதியே மிதந்தது. அதனால்தான் இந்தப் பெயர் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஏ15இல் கிண்ணியாவிலும் மூதூருக்கு இடையிலும் இப்படிப் பல பாதைகளைக் கடக்க வேண்டியிருந்தது. திருகோணமலைக்குப் போக மூதூர் மக்கள் லோஞ்சில் குடாவைக் கடந்தார்கள். 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது முஸ்லிம் மக்கள் பல்லாயிரக்கணக்கில் ஊரை விட்டுக் கந்தளாய்க்குப் போனார்கள். வாகரைப் பக்கத் துண்டு 2007 ஜனவரி வரை புலிகளின் கையில் இருந்தது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 396 மீற்றர். 2011இல் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்கள் வந்தன. அதன் பிறகுதான் சில்லு தரையை விட்டு எழாமல் கிண்ணியாவிலிருந்து மூதூருக்குப் போக முடிந்தது. அதே 2011இல்தான் வடக்கில் சங்குப்பிட்டிப் பாலமும் திறந்தது. அதனால் நாவற்குழியிலிருந்து மன்னார் வரையான ஏ32உம் முழு வீதியானது.

பாதைகளின் காலம் பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிமுடியாத நிலையில், தற்காலிகமாக ஓடிய மிதவை கவிழ்ந்தது. காலையில் பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் அதில் இறந்தார்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது வெறும் செய்தியல்ல. முடியாத பாலம் என்றால் என்னவென்று அன்று இந்த மாகாணம் முழுவதும் விளங்கிக்கொண்டது.

ஆகவே எங்கள் பயணத்துக்கு நாங்களே நான்கு விதிகள் வைத்திருக்கிறோம். விரும்பினால் நீங்களும் பின்பற்றலாம்.

ஒன்று: வீதியின் இரண்டு முனைகளிலும் இறங்கி நிற்க வேண்டும். கிலோமீற்றர்க் கல்லைப் பார்க்க வேண்டும். மைல் கணக்கு போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் தம்பலகாமம் பக்கம் 98ஆம் கட்டை என்றுதான் ஊருக்கே பெயர். கட்டைகளும் வரலாறு பேசும்.

இரண்டு: புதிய பாலத்தில் போனாலும் பழைய பாலத்தை நின்று பார்க்க வேண்டும். ஏ11இல் மன்னம்பிட்டியின் பழைய இரும்புப் பாலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே தளத்தில் போயின. ரயில் போகும்வரை காத்திருந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். 2007இல்தான் அங்கு தனி வீதிப் பாலம் வந்தது. ஓட்டமாவடியிலும் இதே கதைதான்.

மூன்று: ஒவ்வொரு வீதியிலும் வயதான ஒருவரிடமாவது "முன்பு இதைக் கடந்தது எப்படி?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ் ஊர், சிங்கள ஊர், முஸ்லிம் ஊர் என்று பார்க்காமல் கேட்க வேண்டும். தேநீர்க் கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சொல்லாதவரை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

நான்கு: இருட்டிய பிறகு ஓடுவதில்லை. யானையும் லொறியும் இலக்கம் பார்ப்பதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏ31ஐச் சொல்வோம். காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறை வரை போகும் குட்டி வீதி. சைக்கிளிலேயே ஒரு காலைப் பொழுதில் முடிக்கலாம். கடல், வயல், குளம், இரண்டு மொழிப் பேச்சு எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வரலாற்று வகுப்பு எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த விடுமுறையில் நாங்கள் ஏ15இன் எஞ்சிய பாதியை வெருகலிலிருந்து வடக்கே முடிக்கிறோம். மூதூர், கிண்ணியா உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். பாதை ஓட்டியவர்கள், கயிறு இழுத்தவர்கள், பாதை பழுதான இரவில் கரையில் காத்துக் கிடந்தவர்கள், பிரசவத்துக்கு ஆளை ஏற்றிக்கொண்டு நின்றவர்கள் உங்கள் வீடுகளில் இருப்பார்கள். மூத்தவாப்பா, மூத்தம்மாவிடம் இன்றே கேட்டு வையுங்கள். நாங்கள் கொப்பியோடு வருகிறோம். பாலங்களைத் திறந்தவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. பாலம் வரும்வரை எங்களைக் கரை சேர்த்தவர்களின் பெயர் அந்த முதியவர்களின் வாயில் மட்டும்தான் இருக்கிறது.